கட்டுத்தறியில் இருந்த வினைச்சொற்கள்

என் மனைவிக்குப் பெயர்ச்சொற்கள் திரும்பி வந்துவிட்டன, வினைச்சொற்கள்தான் வரவில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் வீடு திரும்பிய வாரமே நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். எண்ணுவது என் சுபாவம். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், படுத்தால் ஓட்டுக் கூரையின் சட்டங்களை எண்ணுவேன். அவள் வாயிலிருந்து விழுந்த சொற்களை எண்ணாமல் இருப்பேனா? சோறு, சொம்பு, மாத்திரை, கொசு, கரண்ட்டு, காரி, செவலை. இப்படி அறுபத்து மூன்று வந்தன. காரியும் செவலையும் எங்கள் மாடுகள். ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு.

"சொம்பு" என்பாள். சொம்பை எடுத்துத் தரச் சொல்கிறாளா, கழுவச் சொல்கிறாளா, பக்கத்து வீட்டுக்குப் போன சொம்பு திரும்பவில்லை என்கிறாளா, தெரியாது. நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு செய்வேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அவள் இடது கையால் நெற்றியில் தட்டிக்கொள்வாள். முன்பெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் மூன்று வாக்கியம் பேசி முடித்துவிடுகிறவள்.

நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கோயமுத்தூர் பஸ்ஸும் பொள்ளாச்சி பஸ்ஸும் நின்று போகிற இடம். கடைப் பலகையில் மலையாளம், கடைக்குள்ளே தமிழ். ஆனால் எனக்கு முதல் வேலை கிடைத்தது தேவிகுளத்துப் பக்கம், ஒரு தமிழ் மீடியப் பள்ளியில். எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் "அப்பா வந்தாக சார்" என்பார்கள். நான் பதிலுக்கு "வந்தாருங்களா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். ஒரே மரியாதையை அவர்கள் வினையின் ஒரு வாலிலும் நான் வேறொரு வாலிலும் கட்டியிருந்தோம். பிறகு சொந்த ஊருக்கு மாற்றல் வந்தது. இரண்டு இடத்திலும் நான் விடாமல் நடத்திய பாடம் ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்கள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆக பன்னிரண்டு. கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு ஒப்பிக்க வைப்பேன். சுண்டுவிரலின் கடைசிக் கணுவில் இருக்கும் காலத்தை வகுப்பறைக்கு வெளியே நான் யார் வாயிலும் கேட்டதில்லை. இருந்தாலும் அதையும் விட்டதில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டில் இறந்தகாலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை என்று ஆகிவிட்டது. இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பாலக்காடு டவுனில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் இருக்கிறார். மலையாளி, எங்களுக்கு மகள் இருந்தால் அந்த வயது இருக்கும். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி மலையாளத்தில் போய் விழும். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் என்னை "மாஷே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

முதல் நாள் படங்கள் காட்டினார். குடை, வாழைப்பழம், ஆனை எல்லாவற்றையும் என் மனைவி சொல்லிவிட்டாள். கடைசியில் அந்தப் பெண் என்னைக் காட்டி, "இது ஆரா அம்மே? பேரு சொல்லுங்கோ" என்றார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் கேட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்தப் பெண் முகம் வாடி, தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, "சாரமில்ல" என்று பரவாயில்லை என்பதுபோல் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

எனக்குப் பதறிவிட்டது. "டீச்சர், அதுக்கு மார்க்கைக் கொறைச்சுராதீங்க. கல்யாணமான நாள்லருந்து அவ எம் பேரைச் சொன்னதே இல்லீங்க. எங்க பக்கத்துல சொல்ல மாட்டாங்க."

"அப்போ வீட்டில மாஷினெ எந்தா விளிக்குன்னது?"

"ஏனுங்கன்னு கூப்புடுவா."

"அதாணோ பேரு?" என்று அவர் கேட்டதும் என் மனைவியின் தோள் குலுங்கியது. சிரித்தாள். நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. குறித்ததை அந்தப் பெண் அடித்துவிட்டார்.

அடுத்த முறை வேறு கட்டுப் படங்கள். ஒரு பையன் பால் குடிக்கிறான், ஒரு பெண் கதவைச் சாத்துகிறாள், இப்படி. என் மனைவி முதல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "பையன்… பாலு… குடிச்சு…" என்றாள்.

அந்தப் பெண் கை தட்டினார். "ஃபுல் சென்டென்ஸ்! கேட்டோ மாஷே, ஃபுல் சென்டென்ஸ்!"

"எங்கீங்க ஃபுல்லு? தொங்குதுங்களே" என்றேன்.

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. எனக்கு அவருடைய சந்தோஷம் புரியவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிப் பேசிய பிறகுதான் தெளிந்தது. மலையாளத்தில் "குடிச்சு" என்றால் காரியம் முடிந்தது. அவன் குடித்தான், அவள் குடித்தாள், நான் குடித்தேன், நாங்கள் எல்லோரும் குடித்தோம், அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். எங்களுக்கோ அது பாதி வழி. குடிச்சு, அப்புறம்? குடித்துவிட்டானா, குடித்துக்கொண்டிருக்கிறானா, குடித்துவிட்டு டம்ளரைக் கீழே போட்டானா? அவர் காதில் விழுந்தது முற்றுப்புள்ளி. என் காதில் விழுந்தது கமா. தமிழில் வினையை முடிக்க வேண்டுமென்றால் காலத்தைச் சேர்க்க வேண்டும், அவனா அவளா என்பதைச் சேர்க்க வேண்டும், எங்கள் பக்கத்தில் போதாக்குறைக்கு ஒரு "ங்க"வையும் சேர்க்க வேண்டும். வினையடியோடு சேர்த்து நான்கு. நோயாளி ஒருத்திக்கு நான்கு பாரம் ஏற்றுகிறோம், மலையாளத்தில் இரண்டே பாரம் என்று எனக்குப் பொருமலாக இருந்தது.

"அம்ம மலையாளத்தில பறஞ்ஞதாணெங்கிலோ?" என்றார் அவர். அம்மா மலையாளத்தில் சொல்லியிருந்தால் என்கிறார்.

"அவ மலையாளத்துல பேசறது பஸ் கண்டக்டர்கிட்ட மட்டுந்தானுங்க. அவன் பால் குடிக்கறதில்லீங்க." மனைவி பக்கம் திரும்பினேன். "குடிச்சுட்டான். எங்க, சொல்லு. குடிச்சுட்… டான்."

பென்சிலால் மேசையைத் தட்டினார் அந்தப் பெண். "மாஷ் முடிக்கண்டா. அம்ம முடிக்கட்டே."

நீங்கள் முடிக்காதீர்கள், அம்மா முடிக்கட்டும். அன்றைக்கு அவர் எனக்கு எழுதிக் கொடுத்த மருந்து அது ஒன்றுதான். அவளுடைய வினையை வேறு யாரும் முடித்துக் கொடுத்தால் அவள் மூளை தேடுவதை நிறுத்திவிடுமாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரே அவள் வாக்கியங்களை முடித்துக் கொடுக்கத்தான் காத்துக் கிடக்கிறது என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் முடித்தார்கள். மருந்துக் கடைக்காரர் முடித்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் போனில் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் அவனே சொல்லிவிடுவான். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். நான் மட்டும் பிடிவாதமாகக் காத்திருந்தேன். அவள் "தண்ணி…" என்று நிறுத்தினால் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வைப்பேன். பன்னிரண்டு கணுவும் தொட்டுவிட்டு, சுண்டுவிரலிலிருந்து திரும்பி வருவேன். சில சமயம் அப்படி நாலைந்து முறை போய் வருவேன். வாய் நமநமக்கும். பிள்ளைகளுக்கு அடி எடுத்துக் கொடுத்தே பழகிய வாய்.

ஒருநாள் காலையில் கட்டுத்தறிப் பக்கம் போனேன். மாடு கட்டும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"தள்ளு… ஏய், தள்ளு. நில்லு. காலை எடு."

வேறு யாரோ பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தால், என் மனைவி. வலது காலை இழுத்து இழுத்து நடந்தபடி, இடது கையால் புண்ணாக்குத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "குடி" என்றாள் செவலையிடம். காரி முட்ட வந்தது. "போ" என்றாள். தடங்கல் இல்லை, தேடல் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினொரு வினைச்சொற்கள். பதினொன்றும் கட்டளைகள்.

யோசித்துப் பார்த்தால் எந்தப் பாஷையிலும் கட்டளைதான் இருப்பதிலேயே சின்ன வடிவம். வா, போ, இரு. மலையாளத்திலும் ஏறக்குறைய அதேதான். ஆங்கிலத்தில் ஏவல் வாக்கியத்துக்கு எழுவாய்கூட வெளியே தெரியாது என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். காலம் வேண்டாம், ஆள் வேண்டாம், மாட்டிடம் "ங்க"வும் வேண்டாம். வேர் மட்டும் போதும். அடுத்த முறை டவுனில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் தலையாட்டினார். தினமும் ஒரே வேலையோடு சேர்த்துச் சொன்ன சொல் சீக்கிரம் போகாது என்றார். "பசுவினெ இங்ஙோட்டு கொண்டுவரான் பற்றில்லல்லோ மாஷே" என்று, பசுவை டவுனுக்குக் கொண்டுவர முடியாததை நினைத்துச் சிரித்தார்.

அந்த வாரம் சமையலறையில் இன்னொரு வினை வந்தது. அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "நகரு" என்றாள்.

என்னிடம்தான் சொன்னாள். வாழ்நாளில் "நகருங்க" என்பதற்குக் குறைந்து கேட்டறியாதவன், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டு.

அந்தச் சமயத்தில்தான் கறவைக்காரர், காலையும் மாலையும் வந்து எங்கள் மாடுகளைக் கறந்துகொண்டிருந்தவர், திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு வரைதான் வருவாராம். என் மனைவியின் வலது கையில் பிடி இல்லை. நான் மாட்டை எண்ணியிருக்கிறேனே தவிரக் கறந்ததில்லை. செய்தி கேட்டு மகன் சனிக்கிழமையே வந்து இறங்கினான். இரண்டு மாடுகளையும் விற்றுவிடுவது, எங்கள் இருவரையும் பெங்களூருக்குக் கூட்டிப் போவது, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று எல்லாம் தீர்மானித்து வந்திருந்தான். பாசம் இல்லாமல் அவன் பேசவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"யாருப்பா கறப்பாங்க? நீங்களா?" என்றான்.

"வேற ஆளைப் பாப்போம்."

"நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன். ஒருத்தரும் வரல."

"கட்டுத்தறியில பதினொண்ணு வருதுடா. டவுன்ல ஒண்ணுகூட முழுசா வரல."

"அய்யோ, எண்ணறதை நிறுத்துங்கப்பா. அம்மாவுக்கும் சம்மதந்தான். போன்ல கேட்டேன், 'ம்'ன்னாங்க."

"வெயிலான்னு கேட்டாலும் 'ம்'பா. மழையான்னு கேட்டாலும் 'ம்'பா. அது சம்மதமா?"

அவனை மடக்கிவிட்டேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. மாடுகள் போகக்கூடாது என்பது என் விருப்பம். அவள் விருப்பம் என்ன? அதை நானும்தான் அவளுக்காக முடித்து வைத்துக்கொண்டிருந்தேன். எது நடந்தாலும் அது அவளிடமிருந்து வர வேண்டும், அதுவரை ஒரு கயிறும் அவிழாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராவுத்தர் வந்தார். மாட்டுத் தரகர், மகன் வரச்சொல்லியிருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்த மாடும், போன மாடும், எல்லாம் அவர் கை வழியாகத்தான். தோளில் பச்சைத் துண்டு.

"அக்கா, சௌக்கியமா?"

"டீ" என்றாள் என் மனைவி.

"குடிக்காம போவேனா?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னா வாத்தியாரே, மொறைக்கிறீங்க?"

"அவ முடிக்கணும். நீங்க முடிச்சுட்டீங்க."

"டீ குடிக்கறதும் தப்பாப் போச்சா இந்த ஊட்டுல?"

எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் மாட்டு விவரம் தெரிந்தவள் என் மனைவி. ஆனால் வேற்று ஆண்பிள்ளையோடு அவள் துண்டுக்குள் கை கோக்க முடியாதே. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். என் வலது கை ராவுத்தர் துண்டுக்குள் இருக்கும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பேன். அதை அவள் பிடித்திருப்பாள். அவர் பிடிக்கும் விரலை நான் பின்னால் கடத்துவேன். அவள் பிடிக்கும் விரலை முன்னால் கடத்துவேன். நடுவில் நான் வெறும் கம்பி. மகன் இதைப் பார்த்ததில்லை. பேரம் நடக்கும் நேரத்தில் அவன் எப்போதும் பள்ளிக்கூடத்தில்.

"முதல்ல செவலை" என்று ராவுத்தர் துண்டை விரித்தார்.

அவள் கை சொல்வதே முடிவு என்று கையை உள்ளே விட்டேன். அவர் விரல்களைப் பிடித்தார். பின்னால் நீட்டினேன். அவளுடைய இடது கை வந்து என் விரல்களைப் பற்றியது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் கையை மூடிவிட்டாள். வேண்டாம் என்று பொருள். முன்னால் கடத்தினேன். ராவுத்தர் ஒரு விரல் கூட்டினார். மறுபடியும் மூடினாள். மூன்றாவது முறை அவள் தானே ஒரு விலை சொன்னாள். விரல்களை மாற்றி மாற்றி அழுத்திய வேகத்தில் நான் தடுமாறி, "இரு, இரு" என்று முனகினேன். அவள் என் முதுகில் குத்தினாள்.

ராவுத்தரின் புருவம் உயர்ந்தது. "அக்காவுக்கு ஒண்ணும் ஆகலே. யாரோ பொய் சொல்லிட்டாங்க."

கடைசியாக அவர் கேட்ட விலைக்கும் அவள் சொன்ன விலைக்கும் நடுவில் ஓரிடத்தில், அவள் என் உள்ளங்கையை விரித்து அழுத்தினாள். சரி என்று அர்த்தம். எனக்குத் திக்கென்றது. விற்கிறாள்! அவள் விற்கமாட்டாள் என்றல்லவா நான் மகனோடு சண்டை பிடித்தேன்? துண்டுக்குள் நான் கையை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் வந்ததை வந்தபடி கடத்தினேன். ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். செவலை கை மாறிவிட்டது.

"நல்லதும்மா" என்றான் மகன். "காரியையும் பேசிருங்க."

ராவுத்தர் மறுபடி துண்டை விரித்தார். நான் வலது கையை உள்ளே விட்டு, இடது கையைப் பின்னால் நீட்டினேன். அதை யாரும் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குள் போயிருந்தாள். காரியின் கயிற்றை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"காரி…" என்றாள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். "இருக்கட்டு."

"சரிம்மா, இருக்கட்டும்" என்றான் மகன். அவன் குரல் இறங்கியிருந்தது. "யாரு கறப்பாங்க? அதைச் சொல்லுங்க."

அவள் வாய் திறந்தது, மூடியது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வைத்தேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராவுத்தர் கையைக் காட்டி, "தம்பி, பொறுங்க" என்றார். சுண்டுவிரலிலிருந்து திரும்பி வந்தேன். காரி வாலைச் சுழற்றி அவள் மேல் அடித்தது. அவள் அசையவில்லை.

"அவரு" என்றாள். முகவாயை என் பக்கம் ஆட்டினாள். "அவரு… கறப்பாரு."

ராவுத்தர் துண்டை வாயில் வைத்து அமுக்கியும் சிரிப்பு நிற்கவில்லை. "வாத்தியாரே, பென்ஷன் வாங்கறப்பவே வேலை கெடைச்சிருச்சு! எழுபத்து நாலு வயசுல எவனுக்குக் கெடைக்கும்?"

மகன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பாவா? அப்பா மாட்டுப் பக்கம் போனா எறும்பை எண்ணிட்டு நிப்பாரு."

"கறப்பாரு" என்றாள் இன்னொரு முறை, இப்போது தடங்கல் இல்லாமல்.

"பெங்களூரு?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "நீ வா" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். கண்ணையும் துடைத்துக்கொண்டான். மாதம் இரண்டு முறை வருவதாகச் சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினான்.

"கறப்பாரு" என்பதில் காலம், ஆள், மரியாதை எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தது என்று மாலையில்தான் உறைத்தது. அந்த நேரத்தில் எனக்கு உறைத்ததெல்லாம் காரியின் பின்னங்கால் மட்டுமே. கறவைக்காரரைக் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொன்னேன். நான் முதலில் கறப்பது, என்னால் முடியாததை அவர் கறந்து முடிப்பது என்று ஏற்பாடு. என் மனைவி பின்னால் நின்றுகொள்வாள். "ஒக்காரு. மடி கழுவு. எண்ணெ தடவு. இழுக்காத. அமுக்கு." இந்த ஐந்தும் புதியவை, பிறகு இன்னும் இரண்டு வந்தன. கட்டுத்தறிக் கணக்கு பதினெட்டுக்கு ஏறிவிட்டது. புதிதாக வந்த ஏழும் எனக்குச் சொன்னவை. முகத்துக்கு நேராக "ங்க" இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நான் கேட்கப் போவதில்லை.

டவுனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பையன் பால் குடிக்கும் படத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "மாஷ் கறக்கட்டே, அவன் குடிக்கட்டே" என்றார். என் மனைவி படத்தைப் பார்த்தாள். "பையன்… பாலு… குடிச்சு…" நானும் அவரும் பேசாமல் இருந்தோம். அன்றைக்கு அது அங்கேயே நின்றது. பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போகிறோம்.

முதல் நாள் நான் கறந்தது சொம்பின் அடியை மறைத்தது. இன்று காலையில் முக்கால் சொம்பு. காரி ஒரே ஒரு முறைதான் உதைத்தது. இதை எழுதும் இப்போது என் பன்னிரண்டு கணுவும் வலிக்கிறது. சாயங்காலம் மறுபடியும் கறப்பேன்.